சில நாடுகள் மட்டும் கூடிப் போடும் வர்த்தக ஒப்பந்தம் சரியா?

கேள்வி: உலக வர்த்தக அமைப்பில் 166 உறுப்பினர்கள். ஒருவர் மறுத்தாலும் தீர்மானம் நின்றுவிடுகிறது. 2001இல் தொடங்கிய தோஹா சுற்று என்ற வர்த்தகப் பேச்சுவார்த்தை இன்னும் இழுபறிதான். விருப்பமுள்ளவர்கள் மட்டும் தனியே ஒப்பந்தம் போட்டால், வெளியே நிற்கும் ஏழை நாடுகளின் கதி என்ன?

பதில் 1: எல்லாவற்றையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். 1996இல் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் சேர்ந்தவர்கள் 29 பேர்தான். ஆனால் கணினி, தொலைத்தொடர்புக் கருவிகள் மீதான சுங்கவரியை அவர்கள் நீக்கியபோது, அந்தச் சலுகை சேராத உறுப்பு நாடுகளுக்கும் கிடைத்தது. அரசுகள் பொருள், சேவை வாங்குவது பற்றிய அரசுக் கொள்முதல் ஒப்பந்தம் வேறு ரகம். சேர்ந்தவர்களுக்கு மட்டுமே டெண்டரில் சம உரிமை. எனக்கு முதல் வகைதான் நியாயமாகப் படுகிறது.

பதில் 2: சலுகை கிடைக்கும், சரி. விதியை எழுதும் மேஜையில் இடம் கிடைக்குமா? வெளிநாட்டு முதலீட்டு நடைமுறைகளை எளிதாக்கும் முதலீட்டு வசதி ஒப்பந்தத்தை 120க்கும் மேற்பட்ட நாடுகள் ஆதரித்தும், அது உலக வர்த்தக அமைப்பின் விதிகளில் சேர்வதை 2024 அபுதாபி மாநாட்டில் இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் தடுத்தன. அதைப் பிடிவாதம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி கேட்டவர்: அப்படியானால் உலக வர்த்தக அமைப்பில் நாடுகளின் வழக்குகளை மேல்முறையீட்டில் விசாரித்து, இப்போது முடங்கிக் கிடக்கும் மேல்முறையீட்டு அமைப்பின் கதை என்ன?

பதில் 1: 2019 டிசம்பரில் அது செயலிழந்ததும், ஐரோப்பிய ஒன்றியம், சீனா உள்ளிட்ட சில உறுப்பினர்கள் 2020இல் தங்களுக்குள் இடைக்கால நடுவர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். யாரும் பின்னால் சேரலாம். ஜப்பான் 2023இல் சேர்ந்தது.