‘வாய்தா’ என்ற சொல் நம்மிடம் வந்த வழி: உதவி தேவை

நண்பர்களுக்கு வணக்கம். நீதிமன்றத்தில் அன்றாடம் புழங்கும் ‘வாய்தா’ என்ற சொல்லின் வரலாற்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன். ‘வாய்’, ‘தா’ என்று பிரித்துப் பொருள் சொல்பவர்கள் உண்டு, அது பொருந்தாது. வாக்குக் கொடுப்பதைக் குறிக்கும் அரபுச் சொல்தான் இதன் வேர். பாரசீகம், உருது வழியாக வந்திருக்கிறது. வக்கீல், வக்காலத்து, ஜப்தி, அமீனா (நீதிமன்ற ஆணையை நிறைவேற்றும் ஊழியர்) எல்லாம் இதே வழியில் வந்தவைதான்.

அதுவரை சரி. என்னை விடாமல் பிடித்திருப்பது பொருள் மாறிய விதம். இந்தியில் ‘வாய்தா’ என்றால் இன்றும் வாக்குறுதி. பின்னால் கைமாறும் சரக்குக்கு இன்றே விலை பேசிக்கொள்ளும் முன்பேர வணிகத்துக்கும் அதுதான் பெயர். வழக்கு தள்ளிப்போனால் அங்கே ‘தாரீக்’ என்பார்கள். மராத்தியில் ‘வாய்தா’ என்றால் குறிப்பிட்ட கெடு. தெலுங்கிலோ நம்மைப் போலவே ஒத்திவைப்பு. இங்கே நிலவரித் தவணையையும் வாய்தா என்று சொன்னதுண்டு. ‘இந்த நாளில் செய்கிறேன்’ என்ற வாக்கு முதலில் கெடுவாகி, அப்புறம் அடுத்த விசாரணை நாளாகியிருக்கும் என்பது என் ஊகம். கொடுத்த வாக்கைக் குறித்த சொல், ‘வாய்தா வாங்குவது’ என்று இழுத்தடிப்பைக் குறிக்கும் இடத்துக்கு வந்துவிட்டதே!

இதைக் கொண்டுவந்தது ஆற்காடு நவாபுகளின் நிர்வாகமா, தஞ்சை மராத்தியரா, கம்பெனி நீதிமன்றங்களா? சென்னை உயர் நீதிமன்றம் தொடங்கிய 1862க்கு முந்தைய மனுவிலோ பத்திரத்திலோ இந்தச் சொல்லைப் பார்த்தவர்கள், அந்த வரியை ஆண்டோடு அப்படியே எழுதுங்கள். பழைய கிஸ்தி (நிலவரி) ரசீது இருந்தால், பெயரை மறைத்துவிட்டுப் படம் போட்டாலும் பெரிய உதவியாக இருக்கும்.