35 வருடப் பழைய வீடு: முன்சுவர் பெயின்ட் நிற்கவே மாட்டேன் என்கிறது, கல் பதிக்கலாமா?

கேட்டவர்:
புறநகரில் அப்பா கட்டிய வீடு. முகப்பைப் புதிதாக்கலாம், கீழ்ப்பகுதியில் கல் பதித்து மேலே புது நிறம் அடிக்கலாம் என்று இருக்கிறோம். ஆனால் தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்கு பெயின்ட் கொப்பளித்து உரிகிறது. சுரண்டினால் வெள்ளையாக உப்பு உதிர்கிறது. போன முறை பட்டி பார்த்து அடித்ததும் ஒரே மழைக்காலத்தில் போய்விட்டது. கல் பதித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் வேலை பார்க்க வந்தவர். நம்பலாமா? ஜன்னல் மூலையில் சாய்வாக ஒரு விரிசலும் இருக்கிறது.

பதில் 1:
தயவுசெய்து கல்லை இப்போது பதிக்காதீர்கள். ஓதம் (தரையிலிருந்து சுவரில் ஏறும் ஈரம்) உள்ளேயே தங்கி, கல்லுக்கு மேலே இருக்கும் சுவரில் ஏறும். கல்லும் பெயர்ந்து வரும். முதலில் வெளியே தரை மட்டம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். வீடு கட்டிய பிறகு ஏதாவது தளம் போட்டீர்களா?

கேட்டவர்:
ஆமாம், வாசலில் சிமென்ட் தளம் போட்டோம். சுவரை ஒட்டியே செடிப்பாத்தியும் கட்டினோம். இப்போது பார்த்தால் வீட்டின் உள்தரையும் வெளித்தளமும் ஏறக்குறைய ஒரே மட்டம்.

பதில் 1:
அங்கேதான் கோளாறு. அஸ்திவாரத்துக்கு மேலே ஓதம் ஏறாமல் தடுக்க ஓர் அடுக்கு போட்டிருப்பார்கள். வெளி மட்டம் அதற்குக் குறைந்தது 15 செ.மீ. கீழே இருக்க வேண்டும். மண்ணும் தளமும் அதைத் தாண்டி உயர்ந்துவிட்டால் ஈரம் நேராகச் சுவருக்குள் போய்விடும். பாத்தியை எடுத்துவிடுங்கள். சுவரோரம் ஓரடி அகலத்துக்குத் தளத்தை வெட்டி, மட்டத்தைக் குறைத்து ஜல்லி நிரப்புங்கள். மீதித் தளம் வெளிப்பக்கம் சரிவாக இருக்கட்டும்.

அப்புறம், உப்பு தெரியும் இடத்துக்கு மேலே இன்னும் ஓரடி வரை பழைய பூச்சைக் கொத்தி எடுங்கள். உப்பைக் காய்ந்த பிரஷால் தட்டி எடுக்க வேண்டும். தண்ணீர் விட்டுக் கழுவினால் கரைந்து திரும்ப உள்ளே போகும். சுவர் நன்றாகக் காய மாதக்கணக்கில் ஆகும், அவசரப்படாதீர்கள். புதுப் பூச்சுக்கும் 28 நாளாவது விட்டுத்தான் பிரைமர்.

பதில் 2:
விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். சில மாதத்தில் கோட்டைத் தாண்டினால் பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். நகராவிட்டால் V வடிவில் வெட்டி, விரிசல் ஃபில்லர் போட்டு அடைக்கலாம். சன்ஷேடின் அடியில் நீர் சொட்டும் காடி (மழைநீர் சுவருக்கு வராமல் கீழே சொட்ட வைக்கும் சிறு பள்ளம்) அடைபட்டிருக்கிறதா என்றும் பாருங்கள், மழைநீர் சுவரில் வழிய அதுவும் ஒரு காரணம். முக்கியமாக, பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். உலர்வாகத் தேய்க்காமல் நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம்.

கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. பென்சில் கோடு போட்டாயிற்று. பாத்தியை நாளை எடுக்கிறோம். அம்மா வைத்த செடிகளை மட்டும் காம்பவுண்டு ஓரமாக மாற்றி நட்டுக்கொள்கிறேன்.