சிப்ஸ், தேன் கடைக்கு ஆன்லைன் உதவியாளர்: எந்த வேலையைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது?

மார்த்தாண்டம் சிப்ஸ்கடை (கேள்வி)

ஏத்தங்காய் சிப்ஸ், தேன், கருப்பட்டி வியாபாரம். கடை விற்பனை போக வாட்ஸ்அப்பில் சென்னை, கோவை, பெங்களூரு ஆர்டர்களும் வருது. எண்ணெய்ச் சட்டி முன்னால நிக்கும்போதுதான் "கிலோ என்ன விலை", "பார்சல் எங்க இருக்கு"ன்னு மெசேஜ் குவியும். ஓணம் சமயத்துல பாதிப் பேருக்குப் பதிலே போறதில்லை. வீட்டுல இருந்தே இதைப் பார்த்துக்கிற விர்ச்சுவல் அசிஸ்டென்ட் ஒருத்தரை வைக்கலாம்னு யோசனை. எந்த வேலையைக் கொடுக்கலாம்? போன், பணம் விஷயத்துல எதுவரை நம்பலாம்?

தக்கலை பில்லிங்

அண்ணே, ஆள் தேடுறதுக்கு முன்னாடி ஒரு வாரம் வர்ற மெசேஜை ரகம் பிரிச்சு நோட்டுல கோடு போட்டு எண்ணுங்க. விலை, அனுப்புற செலவு, பார்சல் நிலை, பணம் கட்டினது, புகார், மொத்த ஆர்டர். முதல் மூணும் திரும்பத் திரும்ப வரும் கேள்வி, பதிலைத் தாள்ல எழுதிக் கொடுத்துடலாம். அதைத்தான் கைமாத்தணும். மொத்த ஆர்டர் பேரமும் புகாரும் உங்ககிட்டயே இருக்கட்டும்.

விலையும் கூரியர் கட்டணமும் உங்க மண்டைக்குள்ளேயே இருந்தா ஆள் வச்சும் பிரயோஜனம் இல்லை. அவங்க ஒவ்வொண்ணுக்கும் உங்களைக் கேட்பாங்க. ஒரு மெசேஜுக்குப் பதில் சொன்ன இடத்துல ரெண்டு மெசேஜுக்குச் சொல்லிட்டு நிப்பீங்க.

கட்டண அட்டவணை போடும்போது கவனிக்க வேண்டியது கொள்ளளவு எடை. சிப்ஸ் லேசு, ஆனா இடத்தை அடைக்கும். கூரியர்காரங்க பொதுவா நீளம் × அகலம் × உயரம் (செ.மீ.) பெருக்கி 5000-ஆல வகுப்பாங்க. 30 × 25 × 20 பெட்டின்னா 15000, வகுத்தா 3 கிலோ. உள்ளே 2 கிலோ சிப்ஸ் இருந்தாலும் 3 கிலோவுக்குத்தான் பில் வரும். தராசு எடையைப் பார்த்து அசிஸ்டென்ட் கட்டணம் சொன்னா வித்தியாசம் உங்க கையில இருந்துதான் போகும். அதனால மூணே அளவுப் பெட்டி வச்சுக்கிட்டு, பெட்டிக்கு ஒரு கட்டணம், மாநிலவாரியா எழுதிக் கொடுங்க. வகுக்கிற எண் 5000-தானான்னு உங்க கூரியர்கிட்ட கேட்டுக்கோங்க.

ஆர்டரை கூகுள் ஷீட்ல ஏத்தச் சொல்லுங்க: தேதி, பெயர், போன், பின்கோடு, சரக்கு, எடை, தொகை, பணம் வந்ததா, பார்சல் எண், நிலை. விலைப் பக்கத்தை நீங்க மட்டும் மாத்துற மாதிரி பூட்டி வைங்க. ஸ்பீட் போஸ்ட் எண் 13 இடம் இருக்கும்: ரெண்டு எழுத்து, ஒன்பது இலக்கம், கடைசியில இந்தியாவுக்கான ரெண்டு எழுத்து. ஒண்ணு குறைஞ்சாலும் டிராக்கிங் வராது, வாடிக்கையாளர் திரும்ப உங்களைத்தான் கூப்பிடுவார்.

குளச்சல் நெட்

போன் பக்கம் நான் சொல்றேன். முதல்ல கடைக்குன்னு தனி நம்பர். வாட்ஸ்அப் பிசினஸ்ல இணைக்கப்பட்ட சாதனமா அவங்க கம்ப்யூட்டரைச் சேர்க்கலாம், போன் உங்க கையிலயே இருக்கும். நாலு சாதனம் வரைக்கும் சேரும். ஆனா அதுல எல்லா உரையாடலும் அவங்களுக்குத் தெரியும். வீட்டு நம்பரையே கடைக்கும் வச்சிருந்தா குடும்ப விஷயமும் சேர்ந்து போகும். வேலையை விட்டுப் போனா அன்னைக்கே அந்தச் சாதனத்தை வெளியேத்திடுங்க. கூகுள் மேப்ஸ் கடைப் பக்கத்துக்கும் ஜிமெயில் பாஸ்வேர்டு கொடுக்காதீங்க. 'மேனேஜர்'னு அவங்க மெயிலைச் சேர்த்தாலே படம் போடலாம், விமர்சனத்துக்குப் பதில் எழுதலாம்.

பணத்துல ஒரே விதி: ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்து பார்சல் கிளம்பக் கூடாது. பொய் ஸ்கிரீன்ஷாட் செய்ய ஆப்பே இருக்கு. வாடிக்கையாளர்கிட்ட 12 இலக்க யூபிஐ பரிவர்த்தனை எண்ணை வாங்கி ஷீட்ல போடுறது அசிஸ்டென்ட் வேலை. கணக்குல பணம் வந்ததைப் பார்த்து 'வந்தது'ன்னு குறிக்கிறது உங்க வேலை. சாயங்காலம் ஒரு தடவை உட்கார்ந்தா முடிஞ்சுது.

பார்வதிபுரம் அக்கவுண்ட்ஸ்

ஜிஎஸ்டி இருந்தா ஒண்ணு சேர்த்துக்கோங்க. மாசாமாசம் தாக்கல் செய்றவங்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரம்) கடைசித் தேதி 11, ஜிஎஸ்டிஆர்-3பி-க்கு (வரி கட்டுற சுருக்கக் கணக்கு) 20. 5-ஆம் தேதிக்குள்ள எல்லா பில்லையும் ஒரே ஃபோல்டர்ல போட்டுக் கணக்கர்கிட்ட கொடுக்கிறது அசிஸ்டென்ட்டுக்குத் தோதான வேலை. ஜிஎஸ்டி இணையதள லாகினை அவங்களுக்குக் கொடுக்க வேண்டாம்.

குலசேகரம் தேன்

தேன் கேள்விகளுக்குப் பதிலை முன்கூட்டியே எழுதிக் கொடுக்கலைன்னா அசிஸ்டென்ட் சொந்தமா அடிச்சு விடுவாங்க, ஆபத்து அங்கதான். நம்ம ஊர்த் தேன் நிறைய ரப்பர் தோட்டத்துத் தேன், சீக்கிரம் உறையும். "சீனி கலந்திருக்கா"ன்னு கேட்பாங்க. பதில்: உறையுறது இயல்பு, பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணில நிறுத்தினா இளகும், அடுப்புல நேரா வைக்காதீங்க. ஒரு வயசுக்குக் கீழ குழந்தைக்குக் கொடுக்கலாமா? கூடாது. சுகருக்கு நல்லதா? டாக்டரைக் கேளுங்க. இந்த மூணையும் வாட்ஸ்அப்புல விரைவுப் பதிலா சேமிச்சுட்டா '/' போட்டு ஒரு சொல் அடிச்சாலே வந்துடும்.

சொல்லப்போனா, இந்தப் பதில்களைச் சேமிச்சு, விலைப் பட்டியலை வாட்ஸ்அப் பிசினஸ் கேட்டலாக்ல (சரக்குப் பட்டியல்) ஏத்தி, இரவு நேரத்துக்குத் தானியங்கிப் பதிலும் வச்சுட்டா, ஓணம், சபரிமலை சீசன் தவிர மத்த மாசத்துக்கு ஆளே தேவைப்படாம போகலாம். அதைச் செஞ்சு பார்த்துட்டுச் சம்பளத்தைப் பேசுங்க.

ஆள் எடுக்கிறதா இருந்தா விளவங்கோடு, கல்குளம் பக்கம் மலையாளமும் எழுதத் தெரிஞ்ச ஆளா பாருங்க. திருவனந்தபுரம் ஆர்டர் நமக்குக் கிட்டத்துல இருக்கு, வேற ஊர் ஏஜென்சி ஆளுக்கு அது வராது. பழைய மெசேஜ் இருபதை எடுத்து, விலைத்தாளையும் கொடுத்து பதில் எழுதச் சொல்லுங்க. தாளைப் பார்த்துச் சொல்றாங்களா, ஊகிச்சுச் சொல்றாங்களான்னு அதுலயே தெரிஞ்சுடும். முழு நாள் வேண்டாம். காலையில ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் போதும்.

மார்த்தாண்டம் சிப்ஸ்கடை

ரொம்ப உபகாரம் மக்களே. போன் காலை அவங்க நம்பருக்குத் திருப்பி விடலாமா?

குளச்சல் நெட்

பேங்க்ல கொடுத்த நம்பரைத் திருப்பவே கூடாது அண்ணே, ஓடிபி குரல் அழைப்பாவும் வரும். கடை நம்பரைத் திருப்பலாம், ஆனா வாட்ஸ்அப் சரிபார்ப்புக் குறியீட்டையும் போன் அழைப்பா வரவழைக்க முடியும், அது அவங்களுக்குப் போயிடலாம். அதனால முதல்ல வாட்ஸ்அப்ல இருபடிச் சரிபார்ப்புக்கு ஆறு இலக்க ரகசிய எண் (PIN) போட்டு, அதுக்கு உங்க மெயிலையும் கொடுங்க. அப்புறம் 'எடுக்காதபோது மட்டும்'னு திருப்புங்க.