கைரேகை பதியாத பாட்டிக்கு ஓய்வூதியம் எடுக்க வழி சொல்லுங்கள்

வணக்கம் தோழர்களே, தென்காசிப் பக்கம் முதியோருக்காக வேலை செய்கிறேன். 70 வயது தாண்டிய ஒரு பாட்டி விஷயத்தில் உங்கள் அனுபவம் வேண்டும். 2023இல் உயர்த்தப்பட்ட 1,200 ரூபாய் முதியோர் ஓய்வூதியம் அவர் கணக்குக்கு மாதாமாதம் வந்துவிடுகிறது, ஆனால் ஊருக்கு வரும் வங்கி முகவரின் கருவியில் விரலை வைத்தால் ரேகை பொருந்தவில்லை என்றே காட்டுகிறது. காலமெல்லாம் பீடி சுற்றிய விரல்கள், நுனியெல்லாம் தேய்ந்து வழவழவென்று இருக்கின்றன. ஈரத்துணியால் துடைத்து, பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாயிற்று. கணக்கில் பணம் இருக்க, சர்க்கரை மாத்திரைக்குக் கடன் வாங்குகிறார், பார்க்கவே மனசு கேட்கவில்லை.

ரேஷனுக்குக் கவலையில்லை, கடையில் கருவிழிக் கருவி இருக்கிறது. ஆதாரில் ரேகையைப் புதுப்பிக்கலாம்தான், ஆனால் தேய்ந்த விரலில் புதிதாக எதைப் பதிவது? முகத்தை வைத்தே பணம் எடுத்துத் தரும் முகவர்கள் உங்கள் பக்கம் உண்டா? 70 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வீட்டிலேயே பணம் கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள் என்று ரிசர்வ் வங்கி 2017லேயே வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது, அதைக் காட்டிக் கிளை மேலாளரிடம் மனு கொடுத்து வாங்கியவர்கள் யாராவது இருந்தால் மனுவின் நகலைப் போடுங்கள். இதே நிலையில் இன்னும் சில பாட்டிகளும் இங்கே இருக்கிறார்கள், அவர்களுக்கும் உதவும்.