பொதி சுமக்கும் புழுவுக்கு என்ன பெயர்? – கலைச்சொல் விவாதம்

ஊத்தான் மெலிந்தாங், தமிழ்ப்பள்ளி ஆசிரியை:

அன்புடையீர், வணக்கம். சனிக்கிழமை முழுவதும் மாணவர்களுடன் பள்ளித் தோட்டத்தைச் சீர்செய்துகொண்டிருந்தோம். எலுமிச்சை இலையின் அடியில், சருகுத் துண்டுகளை ஓடு வேய்ந்தாற்போல் ஒட்டிய சிறு பொதி ஒன்று தொங்குவதை ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி காட்டினாள். குப்பை என்று கிள்ளி எறியப் போன நேரத்தில் அதன் வாயிலிருந்து கருந்தலை ஒன்றும் மூன்று இணைக் கால்களும் வெளிப்பட்டு, பொதியையும் இழுத்துக்கொண்டு இலை விளிம்பை நோக்கி நகர்ந்தன. ஈர்க்குச்சியால் தொட்டதும் தலையை உள்ளிழுத்து, பொதியின் வாயைச் சுருக்கி மூடிக்கொண்டது.

செம்பனை (எண்ணெய்ப்பனை) ஓலையைச் சுரண்டித் தின்று காயவைக்கும், மலாய்க்காரர்கள் ஊலாட் புங்குஸ் என்று அழைக்கும் வகையைச் சேர்ந்தது அது. கண்காட்சிக்கான விளக்கப் பலகைகள் வெள்ளிக்கிழமை அச்சகத்திற்குப் போகவேண்டும். மலாய்ப் பெயர் இருக்கிறது, இலத்தீன் பெயரும் இருக்கிறது. தமிழ்ப் பெயருக்கான இடம் மட்டும் காலியாக உள்ளது. கூட்டுப்புழு என்று எழுத இயலாது. முட்டை, புழு, கூட்டுப்புழு, வண்ணத்துப்பூச்சி என்னும் வரிசையில் அச்சொல் உண்ணாமல் உறங்கும் பருவத்தைக் குறிப்பதாகவே பிள்ளைகள் படிக்கிறார்கள். இதுவோ முட்டையிலிருந்து வெளிவந்த சில நாழிகைக்குள் கூடு கட்டத் தொடங்கி, கூட்டோடு திரிந்து தின்று வளர்கிறது. அப்பெயரை வைத்தால், “இந்தக் கூட்டுப்புழு பின்னர்க் கூட்டுப்புழுவாக மாறும்” என்று பலகையில் எழுத நேரும். ஒரு சொல் தந்து உதவுங்கள்.

கிள்ளான், மொழிபெயர்ப்பாளர்:

டீச்சர், இதில் தயங்குவதற்கு ஒன்றுமில்லை. பைப்புழு என்று போடுங்கள். சிறு பிள்ளைக்கும் புரியும்.

ஈப்போ, ஓய்வுபெற்ற விரிவுரையாளர்:

பை என்பது நன்னூலார் எண்ணிய நாற்பத்திரண்டு ஓரெழுத்து ஒருமொழிகளுள் ஒன்று. அதற்குப் பாம்பின் படம் என்றும் பொருளுண்டு. பசுமை என்னும் பண்புப்பெயர் திரிந்த பை வேறு இருக்கிறது. அச்சில் ஒற்று மாறிப் பைம்புழு என்றாகிவிட்டால் அது பச்சைப் புழுவாகிவிடும். கடையில் கொடுக்கும் நெகிழிப் பையை நினைவூட்டும் சொல்லை, தன் வாயூறும் நூலால் வீடு நெய்துகொள்ளும் உயிருக்குச் சூட்டுவதும் எனக்கு உவப்பாக இல்லை.

குடம்பை என்னும் சொல் நம்மிடம் இருக்கிறது. “பழனப் பாகல் முயிறுமூசு குடம்பை” என்று நற்றிணை 180ஆம் பாடல் தொடங்குகிறது. முயிறு என்பது இலைகளைப் பிணைத்துக் கூடு கட்டும் செவ்வெறும்பு. ஆகவே, இலையால் ஆன பூச்சிக்கூட்டுக்குச் சங்க காலத்திலேயே பெயர் இருந்திருக்கிறது. “குடம்பை தனித்துஒழியப் புள்பறந் தற்றே” என்னும் குறளுக்கு (338) உரை வகுத்த பரிமேலழகர், குடம்பை என்பதற்கு முட்டை என்று பொருள் கொண்டு, கூடு என்பாரை மறுக்கிறார். கூடு பறவையுடன் தோன்றுவதில்லை, பறவை அதனுள் மீண்டும் புகுவதும் உண்டு. ஆதலால் உடம்புக்கு அது உவமையாகாது என்பது அவர் வாதம். இந்தப் புழுவின் கூடோ ஏறத்தாழ அதனுடனே தோன்றி, அதனுடனே வளர்கிறது. கூடு, முட்டை என்னும் இரு பொருளுக்கும் இடைப்பட்ட இந்நிலைக்குக் குடம்பையினும் பொருந்திய சொல் கிடைக்காது. குடம்பைப்புழு என்றே எழுதுக.

கோலாலம்பூர், யாழ்ப்பாணத்தில் விலங்கியல் பயின்றவர்:

ஐயா கூறும் இலக்கியச் சான்றுகளை மறுக்கவில்லை. ஆனால் இலங்கைப் பாடநூல்களில் குடம்பி என்பது பூச்சியின் புழுப்பருவத்தைக் குறிக்கும் கலைச்சொல். அதைப் படித்தவர் குடம்பைப்புழு என்று கேட்டால் புழுப்புழு என்றே எடுத்துக்கொள்வார். ஒரே சொல் ஓரிடத்தில் பருவத்தையும் மற்றோரிடத்தில் ஓர் இனத்தையும் சுட்டினால் குழப்பமே மிஞ்சும்.

பாகான் டத்தோ, முன்னாள் தோட்டக் கிராணி:

ஐயாமார்களுக்கும் அம்மாமார்களுக்கும் வணக்கம். எங்கள் தோட்டத்தில் இதற்குப் பெயர் இல்லாமல் இருந்ததில்லை. புங்குஸ் புழு என்றுதான் எல்லாரும் சொன்னோம். காலையில் ஓலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்து, எத்தனை புங்குஸ் உயிரோடு இருக்கிறது என்று எண்ணிக் கணக்குப் புத்தகத்தில் எழுதுவதே ஒரு வேலையாக இருந்தது. பொதியை நசுக்கினால் ஈரம் கசிய வேண்டும், கசியாவிட்டால் அது வெறுங்கூடு. குஞ்சுப் புழு நூலில் தொங்கிக் காற்றில் அடுத்த மரத்துக்குப் போய்விடும் என்பதால், ஒரு பாத்தியில் கண்டதை அந்தப் பாத்தியோடு விட்டுவிட முடியாது. இப்போது அது சட்ட விவகாரமும்கூட. 1976ஆம் ஆண்டின் பயிர்த் தொற்றுத்தடுப்புச் சட்டத்தின்கீழ் 2013இல் இதை ஆபத்தான பூச்சியாக அரசிதழில் அறிவித்துவிட்டார்கள். சாலையோரம் மஞ்சள் பூச்செடிகளை வரிசையாக நடுவது அழகுக்கு என்று பலர் நினைக்கிறார்கள். இந்தப் புழுவைத் தாக்கும் ஒட்டுண்ணிக் குளவிகளுக்குத் தேன் கிடைக்கட்டும் என்றே நடுகிறோம். 1960களில் நீண்ட நாள் வீரியம் நிற்கும் மருந்துகளை அடித்து அந்தக் குளவிகளைக் கொன்றதால்தான் புழு பெருகியது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன், பின்னர்ப் படித்தும் இருக்கிறேன்.

புங்குஸ் மலாய்ச் சொல் என்று ஒதுக்கினால், பொட்டலப்புழு என்று வையுங்கள். மூட்டைப்புழு மட்டும் வேண்டாம், கட்டிலில் கடிப்பது வந்துவிட்டது என்று பெற்றோர் பள்ளிக்கு ஓடி வருவார்கள்.

கிள்ளான், மொழிபெயர்ப்பாளர்:

கிராணி ஐயா சொல்வதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பொட்டலம் கடைக்காரர் கட்டிக் கொடுப்பது, பிறகு பிரித்துப் போடுவது. இந்தப் புழு தன் பொதியைத் தானே கட்டுகிறது, பிரிப்பதும் இல்லை. செம்பனைத் தோட்டங்களில் மிகுதியாகக் காணும் மெட்டிசா பிளானா இனத்தில் ஆண் மட்டும் சிறகு முளைத்து வெளியேறுகிறது. பெண்ணுக்குச் சிறகே இல்லை. பொதிக்குள்ளேயே இணைசேர்ந்து, அதற்குள்ளேயே முட்டையிட்டு இறந்துவிடுகிறது. பை என்னும் என் சொல்லை விட்டுக்கொடுக்கிறேன். பொதிப்புழு எனலாமா? பொதி என்றால் மூட்டையும் ஆகும், உள்ளே பொதிந்திருத்தலும் ஆகும். பொதிமாடு என்பதால் சுமத்தலும் தொனிக்கிறது.

ஈப்போ, ஓய்வுபெற்ற விரிவுரையாளர்:

பொதிமாடு பிறர் பொதியைச் சுமப்பது. ஆண் வெளியேறுகிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அதுவே குடம்பை தனித்தொழியப் பறந்த புள். வள்ளுவர் உவமை ஆணுக்குப் பொருந்தும்போது அச்சொல்லை ஏன் கைவிட வேண்டும்?

கோலாலம்பூர், யாழ்ப்பாணத்தில் விலங்கியல் பயின்றவர்:

பாதி இனத்துக்கு மட்டும் பொருந்துவது உவமைக்குப் போதும், பெயருக்குப் போதாது. பொதிப்புழு எனக்கு உடன்பாடே. சிறகு முளைத்த ஆணைப் பொதிப்பூச்சி என்றும் குடும்பத்தைப் பொதிப்பூச்சிக் குடும்பம் என்றும் விரிக்கலாம். குடம்பைப்புழுவை அப்படி விரித்தால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும்.

ஊத்தான் மெலிந்தாங், தமிழ்ப்பள்ளி ஆசிரியை:

அனைவருக்கும் நன்றி. வகுப்பில் எல்லாப் பெயர்களையும் கரும்பலகையில் எழுதிப் பார்த்தேன். குடம்பைப்புழுவை வாய்விட்டுப் படித்தவர்களுள் பெரும்பாலோர் குடும்பப்புழு என்றே படித்தார்கள். பொதிப்புழுவைப் பார்த்து, அதைக் கண்டெடுத்த மாணவி தயங்காமல் அந்த எலுமிச்சைச் செடியைக் காட்டினாள். பலகையில் பொதிப்புழு என்று பெரிய எழுத்திலும், தோட்டத்து வழக்கில் புங்குஸ் புழு என்று கீழே சிறிய எழுத்திலும் அச்சிடச் சொல்லிவிட்டேன். ஈப்போ ஐயா வருந்த வேண்டாம். கூடு பற்றிய பத்தியில் குடம்பை என்னும் சொல்லை ஓரிடத்தில் ஆண்டிருக்கிறேன்.

ஈப்போ, ஓய்வுபெற்ற விரிவுரையாளர்:

அச்சகத்தாரிடம் பொதிப்புழு என்பதில் ப் விடுபடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள் அம்மா. பலகை உங்கள் பள்ளியுடையது, நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் நான் தொகுத்துவரும் சொற்பட்டியலில் குடம்பைப்புழு என்றே இருக்கும். முயிறு பற்றித் தனி மடல் ஒன்று விரைவில் எழுதுகிறேன்.

பாகான் டத்தோ, முன்னாள் தோட்டக் கிராணி:

பெயரை முடிவு செய்துவிட்டீர்கள், நல்லது. அந்த எலுமிச்சைச் செடியில் வேறு பொதிகள் இருக்கின்றனவா என்று இலைக்கு இலை திருப்பிப் பாருங்கள் டீச்சர். பள்ளி வேலிக்கு அப்பால் செம்பனைதானே?