ஆப்ஷன் செயினில் ஐவி (விலையிலிருந்து கணக்கிடும், சந்தை எதிர்பார்க்கும் ஏற்ற இறக்கம், %) எந்த நேரத்து விலைக்கு? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

மும்பை குழு நண்பர்களுக்கு வணக்கம். நிஃப்டி ஆப்ஷன் செயினை (எல்லா ஸ்ட்ரைக்கின், அதாவது ஒப்பந்த விலையின், ஆப்ஷன் விலைப் பட்டியல்) நிமிஷத்துக்கு ஒருமுறை எக்செலில் இறக்குகிறோம். ஏடிஎம் (இப்போதைய நிஃப்டி அளவை ஒட்டிய ஸ்ட்ரைக்) பக்கம் ஐவி ஒழுங்காக வருகிறது. டீப் ஐடிஎம் (ஏற்கெனவே நிறைய உள்ளார்ந்த மதிப்புள்ள ஸ்ட்ரைக்) போனால் ஒன்று சைபர், இல்லை 60.

ஒரு உதாரணம்: 24,000 கால் (call, வாங்கும் உரிமை), எல்டிபி (கடைசியாக டிரேட் ஆன விலை) 385. அது 1:40க்கு நடந்த டிரேட். 2:25க்கு ஸ்பாட் (நிஃப்டியின் அப்போதைய அளவு) 24,400. உள்ளார்ந்த மதிப்பே (ஸ்பாட்டுக்கும் ஸ்ட்ரைக்குக்கும் உள்ள வித்தியாசம்) 400. அப்புறம் 385க்கு எந்த ஐவி பொருந்தும்? மேலே தெரியும் 2:25 செயின் புதுப்பித்த நேரம்தான், டிரேட் நேரம் அல்ல. எல்டிபிக்குப் பதில் பிட் (வாங்கக் கேட்கும் விலை), ஆஸ்க் (விற்கக் கேட்கும் விலை) நடுவிலையை வைத்தால் பெரும்பாலும் சரியாகிறது. ஆனால் பிட் 390, ஆஸ்க் 440 என்று வாயைப் பிளந்து நிற்கும் ஸ்ட்ரைக்கில் அதையும் நம்ப முடியாது.

ஒரே ஸ்ட்ரைக்கில் காலுக்கு ஐவி 11, புட்டுக்கு (put, விற்கும் உரிமை) 14 வருவது வேறு கதை. ஸ்பாட்டை வைத்துக் கணக்கிடுவதால் என்று நினைக்கிறோம். வார எக்ஸ்பைரிக்கு (ஒப்பந்தம் முடியும் நாள்) தனி ஃபியூச்சர் இல்லாததால், ஏடிஎம் ஸ்ட்ரைக்கோடு கால் விலையைக் கூட்டி, புட் விலையைக் கழித்து சிந்தெடிக் ஃபியூச்சர் விலை எடுத்து, ஸ்பாட்டுக்குப் பதில் அதை வைக்கிறோம். இடைவெளி நன்றாகச் சுருங்குகிறது.

தெரிய வேண்டியது: ஒவ்வொரு ஸ்ட்ரைக்குக்கும் கடைசி டிரேட் நேரத்தைத் தனி நெடுவரிசையாக (column) எடுக்க உங்கள் ஏபிஐயில் (தரவை நேரடியாக இறக்கும் இணைப்பு) வழி உண்டா? எத்தனை செகண்ட் பழைய விலையை ஒதுக்குகிறீர்கள்? எக்ஸ்பைரி அன்று மதியத்துக்கு மேல் மீதி நேரத்தை நாளாக வைக்கிறீர்களா, நிமிஷமாகவா?