டயல்-அப் (தொலைபேசி அழைப்பு) வழியாக வருபவருக்கு எந்த ஐபி முகவரியைக் கொடுப்பது?

கேள்வி (மஞ்சக்குப்பம், கடலூர்)
வணக்கம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்த பிறகு எங்கள் தெருவில் பிராட்பேண்ட் வரப் பல நாட்கள் ஆயின. எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் பெறும் தரைவழித் தொலைபேசி அதற்கு முன்பே வேலை செய்தது. அதனால், லாஸ்பேட்டையில் இருக்கும் என் தங்கை இணையம் இல்லாத நாளிலும் குடும்ப ஆவணங்களை எடுத்துக்கொள்ளும்படி, எங்கள் வீட்டு லினக்ஸ் சர்வரில் பழைய மோடம் ஒன்றைப் பொருத்தி, அழைப்பை எடுக்கும் எம்கெட்டி, அதன் மேல் பிபிபி என்ற நேரடி நெட்வொர்க் இணைப்பை நடத்தும் பிபிபிடி இரண்டையும் அமைத்திருக்கிறேன். ரவுட்டர் 192.168.1.1, சர்வர் 192.168.1.10, ஆவணங்கள் உள்ள கணினி 192.168.1.15. தங்கைக்கு 192.168.1.20 கொடுத்தேன். சர்வர் பிங்குக்கு (எட்டுகிறதா என்று பார்க்கும் சோதனைக்கு) பதில் தருகிறது. 15 என்ற ஆவணக் கணினியை மட்டும் எட்ட முடியவில்லை. மோடத்துக்கென்று சர்வருக்குத் தனி முகவரி வேண்டுமா? முகவரிகளைத் தானாகப் பகிரும் டிஎச்சிபி இதைப் பார்த்துக்கொள்ளாதா?

பதில் 1 (முத்தியால்பேட்டை)
டிஎச்சிபிக்கு இங்கே வேலையில்லை. பிபிபி இணைப்பில் இரு முனைகளும் அதன் பகுதியான ஐபிசிபி மூலம் முகவரியைப் பேசி முடித்துக்கொள்கின்றன. பிபிபிடியின் ஆப்ஷன்ஸ் கோப்பில் 192.168.1.10:192.168.1.20 என்று எழுதினால் முதலில் இருப்பது சர்வருக்கு, அடுத்தது அழைப்பவருக்கு. சர்வரின் ஈதர்நெட் முகவரியையே அங்கும் போடலாம் என்பதால் ஒரு மோடத்துக்கு ஒரே ஒரு முகவரிதான் செலவாகும். ஆனால் அது ரவுட்டர் டிஎச்சிபியில் பகிரும் வரம்புக்கு வெளியே இருந்தே ஆக வேண்டும், இல்லையெனில் என்றாவது ஒருநாள் வீட்டிலுள்ள கைப்பேசிக்கும் அதே 20 போய்விடும். ப்ராக்ஸிஆர்ப் என்ற வரியையும் சேர்த்து, லினக்ஸின் மையமான கர்னலில், ஒரு பக்கம் வருவதை மறுபக்கம் கடத்தும் ஐபி ஃபார்வர்டிங்கை 1 ஆக்குங்கள். அப்போதுதான் 20-ஐத் தேடும் 15-க்கு உங்கள் சர்வர் தங்கையின் சார்பில் பதில் சொல்லி, தரவுப் பொட்டலங்களை வாங்கி மோடம் பக்கம் அனுப்பும்.

பதில் 2 (திருப்பாதிரிப்புலியூர்)
மேலே சொன்னது சரி, ஆனால் அது மட்டும் போதாது என்று நினைக்கிறேன். தங்கை வீட்டு ரவுட்டரும் 192.168.1 வரிசையையே கொடுக்கிறதா? அப்படியானால் அவருடைய மடிக்கணினி 15-ஐத் தன் வீட்டு வைஃபையிலேயே தேடிக்கொண்டிருக்கும். சர்வருக்கு மட்டும் பிபிபி தனி ரூட் (செல்வழி) போட்டுவிடுவதால் அது கிடைத்துவிடுகிறது. உங்கள் அறிகுறி இதற்கு அப்படியே பொருந்துகிறது. 1996-இல் வந்த ஆர்எஃப்சி 1918 என்ற இணைய விதிமுறை ஆவணம், 192.168 முழுவதையும் தனிப் பயன்பாட்டுக்கு ஒதுக்கியிருக்கிறது. அதனால் உங்கள் வீட்டை 192.168.47-க்கு மாற்றிவிடுங்கள். அதன் பிறகு தங்கை பக்கம், இணைப்பு கிடைத்ததும் இயங்கும் ஐபி-அப் கோப்பில், அந்த வரிசை முழுவதையும் குறிக்கும் 192.168.47.0/24-க்கு ஒரு ரூட் வரி சேர்க்க வேண்டும். இரு பக்கமும் சாதாரண மோடம் என்றால், பெட்டியில் 56கே என்று எழுதியிருந்தாலும், நொடிக்கு 33.6 கிலோபிட்டுக்கு மேல் வராது. பெரிய கோப்புகளைச் சுருக்கி வையுங்கள்.

கேள்வி கேட்டவர்
இரு வீட்டிலும் 192.168.1 வரிசைதான் இருந்தது. எங்கள் வீட்டை 192.168.47-க்கு மாற்றி, டிஎச்சிபிக்கு 50 முதல் 150 வரை விட்டு, தங்கைக்கு 200-ஐ ஒதுக்கினேன். ப்ராக்ஸிஆர்ப் மட்டும் சேர்த்தபோது நிலை மாறவில்லை. ரூட் வரியும் சேர்ந்த பிறகே 15 பதில் தந்தது. இருவருக்கும் மனமார்ந்த நன்றி.